யாரும் திரும்பிப் பார்க்காத பெயர்

அத்தியாயம் 9

போன வெள்ளிக்கிழமை, அறையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், தங்கையின் காதோரம் குனிந்து பிம்பா ஒன்றைச் சொன்னாள். அது தங்கைக்குக் கேட்டிருக்காது என்று இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்துவிட்டது.

ஒரே ஒரு வரி. 'சொந்தப் பெயருக்கு மூளையில் மறுமொழி இல்லை.'

தங்கை கியத் படுத்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. வட தாய்லாந்தில், லம்பாங் ஊரில், வீட்டுச் சமையலறையில், சந்தைக் கடைக்கான சாய் ஊவா தொத்திறைச்சிக்கு எலுமிச்சைப்புல் நறுக்கிக்கொண்டிருந்தபோது மண்டைக்குள் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தவள். சியாங் மாய்க்குக் கொண்டுவந்து, ஆபரேஷன் செய்து, உயிரைப் பிடித்து வைத்தார்கள். மூன்றாவது வாரம் கண் திறந்தாள். காலையில் திறக்கும். பகலில் இரண்டு தடவை மூடும். சாயங்காலம் மறுபடி மூடும். ஆனால் அந்தக் கண் எதையும் பார்ப்பதில்லை.

அவள் உள்ளே இருக்கிறாளா இல்லையா என்பதைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோதனை. தலையில் ஒயர்த் தொப்பியை மாட்டி, காதில் ஒலிப்பானைச் செருகி, வரிசையாகப் பெயர்களைச் சொல்வார்கள். நடுநடுவே அவளுடைய பெயரும் வரும். மற்ற பெயர்களுக்குச் சும்மா இருக்கிற மூளை, தன் பெயர் வந்தால் மட்டும் ஒரு துள்ளு துள்ளும். துள்ளினால் பயிற்சி வார்டில் இடம். அங்கே ஒரே ஒரு கட்டில்தான் காலி. மூன்று மணிக்கு டாக்டர்கள் கூடி அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். துள்ளாதவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அந்த ஒரு வரியை கியத்தின் புருஷன் வன்சாய் இரண்டு தடவை படித்தார். லாரி ஓட்டிக் காய்த்துப்போன கையால் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் கட்டில் காலடியில் உட்கார்ந்து, தினமும் செய்வதுபோல மனைவியின் பாதத்துக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். மகள் ஃபாய், இருபது வயசு, ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பிம்பாவுக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் அந்தத் துக்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஒரு நிம்மதி. அப்படியானால் வெள்ளிக்கிழமை சொன்னது கேட்கவில்லை.

அந்த நிம்மதி வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

அவள் சொன்னது இதுதான். கியத் விழுந்த அன்று காலை ஆறு மணிக்கு அக்காவுக்குப் போன் செய்தாள். யாரோ பின்மண்டையில் கட்டையால் அடித்த மாதிரி இருக்கிறது, இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டேன், வர முடியுமா என்று கேட்டாள். சந்தையில் கூட்டம் நெரிகிற நேரம். பிம்பா, ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படு, கடையை எடுத்து வெச்சுட்டு வரேன் என்றாள். போனபோது மணி ஒன்பது. கியத் தரையில் கிடந்தாள். வன்சாய் லாரியில் சரக்கோடு ஃப்ரே ஊருக்குப் போயிருந்தார். ஃபாய் கல்லூரி விடுதியில். தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதற்கு, தெரியாது, நான் வந்தபோதே இப்படித்தான் இருந்தாள் என்று பிம்பா சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யை அப்புறம் திரும்ப வாங்க முடியவில்லை.

வன்சாய் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெயர்.

இந்த வருஷம் அவர்கள் வீட்டில் தொட்டதெல்லாம் கோணலாகப் போனது. அடுப்புக் கொட்டகை எரிந்தது. வண்டி கம்பத்தில் மோதியது. பிம்பாதான் தங்கையைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பிட்சு பிறந்த கிழமையைக் கேட்டு, ஆகாத எழுத்துகளைத் தள்ளி, 'நன்னபட்' என்று ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். மறுநாளே மாவட்ட அலுவலகத்தில் மாற்றினார்கள். புது அடையாள அட்டையைப் பார்த்து கியத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிவி நடிகை பேர் மாதிரி இருக்கே அக்கா, இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி சாய் ஊவா விக்கிறது என்று கேட்டாள்.

அட்டை வந்த பத்தாம் நாள் விழுந்துவிட்டாள்.

நல்லா இருந்தவளுக்குப் பேரை மாத்தி இப்படிப் படுக்க வெச்சுட்டீங்க என்று முதல் வாரத்திலேயே வன்சாய் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பெயரை அவர் வாயிலே எடுக்கவில்லை. அவர் முகத்துக்குப் பயந்து மற்றவர்களும் எடுக்கவில்லை. பிம்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர்மேல் பழி விழுந்தால் போன்மேல் விழாது. நாற்பத்தோரு நாளாக அவள் அந்தப் பழிக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு மூவரும் மருந்துக் கூடத்துக்குப் போனார்கள். வீட்டுக்குப் போவதாக இருந்தால் ஒரு மாசத்து மருந்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நிறையப் பேர். ஒலிபெருக்கியில், 'குன்' என்ற மரியாதைச் சொல்லோடு, பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஏழாம் எண் ஜன்னலுக்கு நேர் எதிரில் இடம் கிடைத்தது.

அம்மாவை வீட்டில் எந்த அறையில் படுக்க வைப்பது என்று ஃபாய் கேட்டாள். முன்னறையில் என்றார் வன்சாய். முன்னறையில் புகை வருமே என்றாள் ஃபாய். அப்படியானால் அடுப்பைக் கொல்லைப்பக்கம் தள்ளிவிடலாம் என்றார் அவர். இன்னும் ரத்தம் நிற்காத காயத்தின்மேல் துணி போர்த்துகிற மாதிரி, இரண்டு பேரும் அறைகளைப் பற்றியே பேசினார்கள்.

"குன் நன்னபட். ஏழாம் எண் ஜன்னல்."

முன்னறைக்குத் திரைச்சீலை வேண்டும் என்றாள் ஃபாய்.

"குன் நன்னபட். ஏழாம் எண் ஜன்னலுக்கு வரவும்."

வன்சாய் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிம்பா கைப்பையில் எதையோ தேடினாள்.

"குன் நன்னபட். கடைசி அழைப்பு."

யாரும் எழவில்லை. ஜன்னலுக்குள் இருந்த பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"லம்பாங்லேருந்து மூளை வார்டுக்கு வந்தவங்க யாருங்க? இருக்கீங்களா, போயிட்டீங்களா?"

மூன்று பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூக்குக்கு நேரா உக்காந்துக்கிட்டு மூணு வாட்டி கூப்பிட்டும் திரும்பலையே. முதல்ல உங்க காதைக் காட்டிட்டுப் போங்க."

வன்சாய் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு, தனக்குள் பேசுவதுபோல, ஆனால் பிம்பாவுக்குக் கேட்கும்படியாகவே, "அது யார் பேருன்னு யாருக்குத் தெரியும்" என்றார்.

பிம்பா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

எனக்கு மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்று நினைத்தாள். ஃபாய்க்கு இல்லை. வன்சாய்க்கு இல்லை. நல்லா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மூன்று பேர். எங்களுக்கே அந்தப் பெயர் காதில் ஏறவில்லை.

ஒயர்த் தொப்பிக்குள் அவளை எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்?

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நடைபாதைக்குப் போனாள். குடிநீர்க் குழாயில் காகிதக் கோப்பையை நிரப்பினாள். குடிக்கவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். நாளைக்கு ஆம்புலன்ஸ் வரும். தங்கையை முன்னறையில் படுக்க வைத்து, கடைசிவரை குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காலைப் போன் தன்னோடு போய்விடும். யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. தப்பு நடந்திருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

வாயைத் திறந்தால், கியத் உள்ளே இருப்பது தெரிந்துவிடலாம். உள்ளே இருந்தால் வெள்ளிக்கிழமையும் உள்ளேதான் இருந்திருப்பாள்.

கண்ணாடிக் கதவு வழியாக வன்சாய் தெரிந்தார். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை வேளை என்று மகளிடம் கேட்டு, அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டி எழுதுகிறவர் அவர். ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு அசைந்தது.

பிம்பா கோப்பைத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றினாள்.

"ஃபாய், அந்தச் சோதனைப் பேப்பரைக் குடு. அதுல என்ன பேர் போட்டிருக்கு, படி."

ஃபாய் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். படித்தாள். நன்னபட் என்றிருந்தது. நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தாள்.

மூளை அலை எடுக்கிற அறை கீழ்த்தளத்தில். அதைப் பார்த்துக்கொள்ளும் கன்லயா வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒட்டரிசிச் சோற்றை உருட்டி மிளகாய்த் துவையலில் தொட்டுக்கொண்டிருந்தாள். பிம்பா சொல்லி முடிக்கும்வரை அந்த உருண்டை அவள் கையிலேயே இருந்தது.

வீட்டில் நோயாளியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

கியத் என்றாள் பிம்பா. குட்டித் தவளை. குறைமாசத்தில், உள்ளங்கை அளவு பிறந்தவள். அழகான பெயர் வைத்தால் ஆவி கேட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அம்மா பயந்துபோய் அப்படிக் கூப்பிட்டாள். சந்தையிலும் கியத். பள்ளிக்கூடத்திலும் கியத். இந்தப் புதுப் பெயரை அவள் பத்தே பத்து நாள் வைத்திருந்தாள், அந்தப் பத்து நாளில் ஒருத்தர்கூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கன்லயா உருண்டையை இலையில் வைத்துவிட்டாள். முகம் சிவந்துபோயிருந்தது.

"தப்பு எங்க மேலதாங்க அக்கா. படிவத்துல அட்டைப் பேருக்குத்தான் கட்டம் இருக்கு. நானும் அதைப் பார்த்து அப்படியே பதிஞ்சுட்டேன். என்னையே எடுத்துக்குங்க, வீட்ல எல்லாரும் என்னை ஓய்னுதான் கூப்பிடுவாங்க. எங்கம்மா வாயில கன்லயான்னு வந்துச்சுன்னா அன்னைக்கு எனக்கு அடி நிச்சயம். இது தெரிஞ்ச நானே கேக்காம விட்டுட்டேனே."

ஞாயிற்றுக்கிழமையே செய்த இரண்டாவது சோதனையில், வலது கையை மூடித் திறப்பதாக மனசுக்குள் நினைங்க என்று சொல்லியிருந்தார்கள். அதையும் குன் நன்னபட், குன் நன்னபட் என்று கூப்பிட்டே சொன்னதாக அவளே ஒப்புக்கொண்டாள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று கியத் நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை என்றாள்.

அப்புறம் அவள் மேசையிலிருந்த கணினியைத் திருப்பிக் காட்டினாள். கியத் தூங்கும்போது எடுத்த பதிவு. பெரிய பெரிய மெதுவான அலைகள். அவற்றுக்கு நடுவே, பருத்தி நூற்கிற கதிர் மாதிரி, இரண்டு பக்கமும் மெலிந்து நடுவில் தடித்த சின்னச் சின்ன நெளிவுகள். உள்ளே ஒன்றுமே மிச்சம் இல்லாத மூளை இப்படித் தூங்காது என்றாள். இவ்வளவு ஒழுங்காகத் தூங்குகிறவர்களுக்கு எப்படிப் பெயர் மட்டும் தெரியாமல் போகும் என்று டாக்டரே ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குழம்பிக்கொண்டிருந்தாராம்.

மணி பன்னிரண்டே கால். தொப்பி மாட்ட முக்கால் மணி நேரம், சோதனைக்கு அரை மணி. செய்துவிடலாம் என்று சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்தாள் கன்லயா. ஆனால் முதலில் ஒரு குரல் வேண்டும். பழகின குரலாக இருந்தால் நல்லது. அதே குரல் தெரியாத பெயர்களையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் மூளை குரலுக்குத் துள்ளுகிறதா, பெயருக்குத் துள்ளுகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

"அக்காவே பேசட்டும்" என்றார் வன்சாய். "சின்ன வயசுலேருந்து கூப்பிட்ட குரல்."

பிம்பா தலையை ஆட்டி மறுத்தாள். என் குரல் வேண்டாம் என்றாள். வெள்ளிக்கிழமை அந்தக் காதில் பேசிய குரல் அது.

வன்சாய் சின்ன அறைக்குள் போய் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தார். காகிதத்தில் ஆறு பெயர்கள். நோக், டோம், பெங், ஜூம், லெக் ஐந்தையும் சுங்கச்சாவடியில் வண்டி எண் சொல்கிற மாதிரி கடகடவென்று சொன்னார். ஆறாவதில் நின்றுவிட்டார்.

ஃபாய் பிறந்ததிலிருந்து அவர் மனைவியை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார். மகள் கூப்பிடுவதைப் பார்த்து, அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் எல்லோரையும் போல. அம்மா, சோறு போடு. அம்மா, லாரி சாவி எங்கே. இருபது வருஷமாகக் கியத் என்று அவர் கூப்பிடவே இல்லை.

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யாரோ மூன்றாம் மனுஷியின் பெயர் மாதிரி வந்தது.

ஃபாய் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "அப்பா, கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பின்னாடி சுத்துனீங்களே, அப்ப எப்படிக் கூப்பிட்டீங்க?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? போ வெளிய."

ஆனால் அவர் காது மடல் சிவந்தது. அப்போது அவர் வேறு முதலாளியிடம் லாரி ஓட்டினார். சந்தை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், இன்ஜினையும் அணைக்காமல், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு கூப்பிடுவார். இருக்கியா என்று கேட்கிற மாதிரி கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கி.

முழங்கையை மேசையில் வைத்தார்.

"கியத்?"

கன்லயா பதிவுப் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். இது போதும் அண்ணே என்றாள்.

ஒன்றே காலுக்குக் கியத்தின் தலையில் தொப்பி ஏறியது. வழித்த முடி அரை விரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஜெல்லை வைத்துக் கன்லயா பொறுமையாகத் தேய்த்தாள். மணிக்கட்டில் வெள்ளை நூல்கள் இருந்தன. இருபது நாளைக்கு முன் பிம்பா ஒரு பெரியவரை அழைத்து வந்து கட்ட வைத்தவை. பயந்துபோனால் உடம்பை விட்டுத் தள்ளிப் போய்விடும் குவான் என்கிற மெல்லிய உயிரை, வீட்டுக்கு வா என்று அழைக்கிற நூல். அன்றைக்கு, பதிவில் இருக்கிற பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று நினைத்து, பிம்பாவே பெரியவரிடம் நன்னபட் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

அந்தக் குவானும் மருந்துக் கூடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த மாதிரிதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொண்டாள்.

மூவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். திரையில் இருபது கோடுகள் நடுங்கிக்கொண்டு ஓடின. பெயர் வரும்போதெல்லாம் கீழே ஒரு சின்னக் குறி விழுந்தது. மற்ற பெயருக்குச் சாம்பல் நிறம், கியத்துக்குப் பச்சை.

பச்சை வந்தது. கோடுகள் அதே மாதிரி நடுங்கின. மறுபடி பச்சை. ஒன்றும் தெரியவில்லை. விழித்திருக்கும்போது வருகிற துள்ளல் ரொம்பச் சின்னது, கண்ணுக்குத் தெரியாது, நூறு தடவை கூப்பிட்டுக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் கன்லயா. அவள் சொன்னது யாருக்கும் ஆறுதலாக இல்லை.

பத்தாவது நிமிஷம் கியத்தின் இமை தொங்கியது. மூடிக்கொண்டது.

ஃபாய் பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். வன்சாய், எழுப்பட்டுமா, காலைத் தடவினால் சில சமயம் கண் திறப்பாள் என்று கேட்டார்.

"வேண்டாங்க அண்ணே. தூங்கட்டும். தூங்கினாத்தான் இன்னும் நல்லாத் தெரியும்."

கோடுகள் மெதுவாயின. நடுக்கம் அடங்கி அலை நீண்டது. கன்லயா முன்பு காட்டிய அந்த நூற்கதிர் ஒன்று வந்து போனது. பிறகு இன்னொன்று. ஒலிபெருக்கியில் வன்சாயின் குரல் நோக் என்றது. பெங் என்றது. கோடுகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. டோம் என்றது.

"கியத்?"

பச்சை விழுந்தது. அடுத்த நொடி, எல்லாக் கோடுகளும் ஒன்றாக மேலே எழும்பி, மடாரென்று கீழே இறங்கி, மறுபடி பழையபடி ஓடின.

ஃபாய் பெரியம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள்.

லெக். ஜூம். ஒன்றுமில்லை.

"கியத்?"

மறுபடி ஒரு மலை ஏறி இறங்கியது.

கன்லயா விரலை விட்டு எண்ண ஆரம்பித்தாள். பத்துப் பச்சையில் எட்டு. தூங்குகிற மூளை எல்லாச் சத்தத்தையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், ஆனால் சொந்தப் பெயர் வந்தால் மட்டும் தூக்கத்திலேயே ஒரு தடவை புரண்டு பார்க்கும் என்று சொன்னாள். யாருக்கும் அப்படித்தான், உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் என்றாள்.

வன்சாய் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று ஃபாய் எட்டிப் பார்த்தாள். அழுதுகொண்டேதான் சொன்னார்.

"அப்பவும் இப்படித்தான். ஒரு வாட்டி கூப்பிட்டா வரமாட்டா. தூக்கத்துலயும் பத்துல ரெண்டு வாட்டி கண்டுக்காம இருக்கா பாரு."

விழித்திருந்த பத்து நிமிஷத்தையும் கன்லயா கூட்டிப் பார்த்தாள். மற்ற பெயர்களின் கோடு தட்டையாகக் கிடந்தது. பச்சைக் கோட்டில், பெயர் சொல்லி ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு கடந்ததும், சின்னதாக ஒரு திட்டு எழும்பியிருந்தது. காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு மூன்று மணிக் கூட்டத்துக்கு அவளே ஓடினாள்.

நாலரைக்கு டாக்டர் வந்தார். கட்டில் கியத்துக்குத்தான் என்றார். கூடவே ஒன்றையும் அழுத்திச் சொன்னார். பெயர் தெரிகிறது என்பது மட்டும்தான் இன்றைக்குத் தெரிந்திருக்கிறது. நாம் பேசுவது புரிகிறதா, யோசிக்கிறார்களா, அதெல்லாம் இன்னும் தெரியாது. நாளைக் காலை பத்து மணிக்கு, கியத் என்று கூப்பிட்டே, கையை மூடுவதாக நினைக்கச் சொல்லப் போகிறோம். அது மூளையில் தெரிந்தால், ஆமாம் என்றால் கையை நினையுங்கள், இல்லை என்றால் சும்மா இருங்கள் என்று சொல்லிக் கேள்விகூடக் கேட்டுப் பார்க்கலாம். நடக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, முயன்று பார்க்கலாம்.

ஃபாய் உடனே கேள்விகளை அடுக்க ஆரம்பித்தாள். வலிக்குதா, குளிருதா, நான் செமஸ்டர் தேர்வு எழுதாமல் இங்கே இருப்பதற்குக் கோபமா.

வன்சாய் மெதுவாகச் சொன்னார். "அன்னைக்குக் காலையில என்ன ஆச்சுன்னு கேக்கணும். தனியா ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாளான்னு. அது தெரியாமத்தான் எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

பிம்பா மருந்துப் பையின் வாயைக் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

புது வார்டுக்கான படிவத்தில் கையெழுத்துப் போட ஃபாய் அப்பாவைக் கூப்பிட்டாள். வாசல்வரை போன வன்சாய் திரும்பி வந்தார். பிம்பாவின் எதிரில் நின்று, கோயிலில் நிற்கிற மாதிரி இரண்டு கையையும் குவித்து நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"அக்கா, பேர்மேல பழியைப் போட்டு உங்களை நாற்பது நாளா வதைச்சுட்டேன். இன்னைக்கு நீங்க மட்டும் வாயைத் திறக்கலைன்னா, உயிரோட இருக்கிற இவளை நான் வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருப்பேன். மன்னிச்சுடுங்க."

அவள் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

அறையில் வெந்நீர்க் கிண்ணமும் சீப்பும் இருந்தன. பிம்பா துணியை நனைத்துப் பிழிந்தாள். தங்கையின் தலையில் ஜெல் பல இடங்களில் காய்ந்து, வெள்ளைச் செதில்களாக ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக ஊற வைத்து, நகம் படாமல், சீப்பின் நுனியால் எடுத்தாள். சின்ன வயசில் இந்தத் தலையில் பேன் எடுத்தது இவள்தான். அப்போது ஒரு நிமிஷம்கூட ஆடாமல் இருக்கமாட்டாள்.

கியத் விழித்திருந்தாள். கண் எங்கேயோ, ஜன்னல் சட்டத்துப் பக்கம் நின்றிருந்தது. தொப்பி இல்லை. திரை இல்லை. பச்சைக் குறி இல்லை. இனி நாளைப் பத்து மணிவரை அவள் தலைக்குள் என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியாது.

பிம்பா காதோரம் குனிந்தாள். வெள்ளிக்கிழமை குனிந்த அதே காது.

"கியத். வெள்ளிக்கிழமை நான் சொன்னேனே. கேட்டுச்சாடி உனக்கு?"

இமை ஒரு தடவை மூடித் திறந்தது. எல்லோருக்கும் மூடித் திறக்கிற மாதிரி.

"கேட்டிருந்தா, அந்தப் போனை நெனச்சு இத்தனை நாளும் நீ..."

நூல் கட்டிய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை கதகதப்பாக இருந்தது. விரல்களில் எலுமிச்சைப்புல் வாசனை எப்போதோ போய், ஆஸ்பத்திரி சோப்பு வாசனைதான் இருந்தது.

"எந்தப் போனைச் சொல்றீங்க அக்கா?"

வன்சாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேனாவை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார் போல. முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம் இருந்தது. கேள்வி மட்டும்தான் புதுசு.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். கடைப் போன் என்று. வேறு யாரோ என்று. நாற்பத்தோரு நாளாகப் பழகின வாய்.

பிம்பா தங்கையின் கையைப் போர்வைமேல் வைத்தாள். ஆனால் விடவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு கையால், கட்டில் பக்கத்தில் கிடந்த நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"உக்காரு வன்சாய்" என்றாள். "இவளும் கேக்கட்டும்."